கயிற்றின் மறுமுனை

1960களின் இறுதியில் ஹோண்டாவின் அமெரிக்கக் கிளை, ஜப்பானில் இருந்த ஆராய்ச்சிப் பிரிவிடம் ஒரு கோரிக்கை வைத்தது. குளிர்காலம் வந்துவிட்டால் மோட்டார்சைக்கிள் வாங்க ஆள் வருவதில்லை, கடைக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த மாதங்களில் விற்க ஏதாவது ஒரு வண்டி செய்து கொடுங்கள் என்றது. வேலை ஒசாமு டகேயுச்சி என்ற பொறியாளரிடம் வந்தது. அவர் இரண்டு சக்கரத்தில் தொடங்கி ஆறு சக்கரம் வரை வைத்து ஓட்டிப் பார்த்தார். பனியிலும் சேற்றிலும் மூன்று சக்கரம்தான் சொன்னபடி கேட்டது. வழக்கமான டயர் புதைந்துபோனது. அப்போது ஆம்பிகேட் என்றொரு ஆறு சக்கர வண்டி இருந்தது. நிலத்திலும் நீரிலும் போகும். அதன் டயர் பருத்தது, காற்றும் குறைவாக அடைத்தது. அதைப் பார்த்து இன்னும் பெரிதாக ஒன்றை உருவாக்கினார்கள். 1970இல் யுஎஸ்90 என்ற பெயரில் 595 டாலருக்கு அந்த வண்டி கடைக்கு வந்தது. ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ கிடையாது. மேடுபள்ளத்தை டயருக்குள் இருந்த காற்றே வாங்கிக்கொண்டது.

நமக்குக் குவாட் பைக் என்றால் கடற்கரை மணலும் மலைவாசத்தல ரிசார்ட்டும் கண்முன் வரும். ஆனால் நாலு சக்கரக் குவாட்டுக்கு முன்னோடி இந்த மூன்று சக்கர வண்டிதான்; அதன் பிறப்பு பனிக்காலத்து வியாபாரத்தில் இருக்கிறது. பனி மூடிய கொல்லையில் ஆறு வயதுப் பிள்ளை ஒரு சின்னக் குவாட்டில் வட்டம் போடுவதைப் பார்த்தபோது, வண்டி தன் சொந்த ஊரில்தான் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைதான் பின்னால் வந்து சேர்ந்தது. எப்படி வந்து சேர்ந்தது, வந்த பிள்ளைக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதையே இங்கே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

பனிமேல் ஓடும் எந்திரங்களின் கதையில் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே இடம் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்ற சிற்றூரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. சாலைகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. பட்டறையில் அவர் செய்துகொண்டிருந்த பனி வண்டி ஓடும் நிலையில் இல்லை. பிள்ளை இறந்துபோனான். மூன்று ஆண்டுகள் கழித்து, பற்சக்கரம் கொண்டு ஓடும் பட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் செய்த மூடிய பனி வண்டிகள் மருத்துவர்களைச் சுமந்தன, தபாலைச் சுமந்தன, பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்தன. 1959இல் ஸ்கி-டூ என்ற சிறிய பனி வண்டி வந்தபின் பனியில் வண்டி ஓட்டுவது விளையாட்டாகவும் ஆயிற்று. இவோனைப் பற்றி எப்போது நினைத்தாலும் என் மனம் கலங்கும். பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போன தகப்பன் கட்டியெழுப்பிய தொழில், ஒரு தலைமுறைக்குள் பிள்ளையின் கையிலேயே ஆக்சிலேட்டரைக் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

அந்த இடம் பெரும்பாலும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம். கனடா எல்லையை ஒட்டிய ரோசோ என்ற சிற்றூரில் 1954இல் போலாரிஸ் நிறுவனம் தொடங்கியது. முதலில் செய்தது விவசாயக் கருவிகள். பிறகு, வேட்டைக்குப் பனியில் எளிதாகப் போய்வர வேண்டும் என்ற ஆசையில் ஒரு பனி வண்டி. போலாரிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீன் பிரிந்துபோய், தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற பக்கத்து ஊரில் ஆர்க்டிக் கேட்டைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 1972இல் பிள்ளைகளுக்கென்றே 60 சிசி எஞ்சினோடு ‘கிட்டி கேட்’ என்றொரு குட்டிப் பனி வண்டியைக் கொண்டுவந்தது. 1980களில் சுசுகி நாலு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. 1984இல் எல்டி50 என்ற 50 சிசி வண்டியைச் சின்னப் பிள்ளைகளுக்கென்றே இறக்கியது. 1985இல் போலாரிஸும் குவாட் செய்யத் தொடங்கியது. பனி வண்டி செய்த ஊர்களே குவாட்டையும் செய்தன. அப்பா தொழிற்சாலையில் வேலை பார்ப்பார், பிள்ளை கொல்லையில் ஓட்டும். அங்கே இதில் யாரும் வியப்பு அடைவதில்லை.

அந்த மாநிலத்தின் வடக்கில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் நான் அங்கே தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டின் கொல்லை எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே இருந்தது. ஒரு புறம் பிர்ச் மரங்கள், மறுபுறம் ஷெட், கடைசியில் சரிந்து இறங்கினால் ஏரி. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆறு வயதுப் பெண்ணுக்கு 50 சிசி குவாட். பதினோரு வயது அண்ணனுக்கு அதைவிடக் கொஞ்சம் பெரியது. பள்ளிப் பேருந்து அவர்களை இறக்கிவிட்டுப் போகும்போது மணி மூன்றைத் தாண்டியிருக்கும். நாலரைக்குச் சூரியன் மறைந்துவிடும். இடையில் இருக்கும் வெளிச்சம்தான் அவர்களுக்கு.

அந்த வெளிச்சத்தில் பாதி உடுப்பு மாட்டுவதிலேயே போய்விடும். உள்ளே கம்பளி, அதன்மேல் தோளிலிருந்து கணுக்கால்வரை மூடும் பனி உடுப்பு, பூட்ஸ், இரட்டைக் கையுறை, ஹெல்மெட், கண்ணாடி. கழுத்துக்கு மஃப்ளர் கட்ட விடமாட்டார்கள். தொங்கும் துணி சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் கழுத்தை இழுத்துவிடும் என்பதால் தலை வழியாக மாட்டும் குழாய் போன்ற துணிதான். பிள்ளைகள் கதவுக்குப் பக்கத்தில் வேர்த்துப்போய் நிற்பார்கள். தகப்பன் அதற்குள் வண்டிகளை ஷெட்டிலிருந்து கையால் தள்ளி வெளியே கொண்டுவந்து, வெட்டவெளியில் வைத்துத்தான் ஸ்டார்ட் செய்வார். மூடிய இடத்தில் சூடேற்ற விட்டால் புகையில் கலந்த கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். குளிரில் பேட்டரி ஓய்ந்திருக்கும். சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பார். இரண்டு மூன்று இழுப்புக்குப் பிறகு எஞ்சின் இருமிக்கொண்டு எழும்.

அதற்கும் முன்னால் அவர் தவறாமல் செய்த ஒரு காரியம் என் மனதில் நிற்கிறது. ஹேண்டில்பாரின் வலது புறத்தில் கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலேட்டர் இருக்கிறது. அதை அழுத்திச் சட்டென்று விடுவார். அது தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். கேபிளுக்குள் ஈரம் இறங்கி உறைந்திருந்தால் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். பிள்ளை விரலை எடுத்த பின்னும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். முன்தினம் சரியாக இருந்தது என்பது இன்றைக்குச் சாட்சி ஆகாது என்பதை அந்த மனிதர் அறிந்திருந்தார்.

பிறகு கயிறு. சின்னப் பிள்ளைகளுக்கான குவாட்டுகளில் பின்பக்கம் ஒரு கயிறு மாட்ட வழி உண்டு. மறுமுனையைப் பெரியவர் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் எஞ்சின் அணைந்துவிடும். வேகத்தைக் கட்டுப்படுத்த ஆக்சிலேட்டர் அருகே ஒரு திருகு உண்டு. அதை முடுக்கினால் பிள்ளை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு அளவுக்குமேல் போகாது. அமெரிக்க விதிப்படி ஆறு வயதுக்கான வண்டி கடையிலிருந்து வரும்போது மணிக்கு 16 கிலோமீட்டருக்குமேல் போகாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டை எடுத்தாலும் 24ஐத் தாண்டக்கூடாது. ஆழமான புதுப் பனியில் அதிலும் பாதிதான் கிடைக்கும். தகப்பன் மூச்சு வாங்க ஓடிவந்தாலே கூடப் போய்விடலாம்.

அந்தப் பெண் குழந்தையின் முதல் சுற்றை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கட்டைவிரலை ஒரேயடியாக அழுத்தினாள். பின்சக்கரங்கள் பனியை வாரி இறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழன்றன. பயந்து விரலை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள், இந்த முறை கொஞ்சமாக. வண்டி நகர்ந்தது. நான் பார்த்த பள்ளிக்கூடப் பாடங்களில் இவ்வளவு வேகமாக ஒரு பிள்ளையின் உடம்புக்குள் இறங்கிய பாடம் இல்லை. அதிகம் அழுத்தினால் போகாது, அளவாக அழுத்தினால் போகும். யாரும் அவளிடம் சொல்லவில்லை. பனி சொன்னது.

திருப்பும்போது வேறொரு பாடம். காரில் டிஃபரன்ஷியல் இருப்பதால் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்றும். பிள்ளைகளின் குவாட்டில் அது கிடையாது. பின்னால் ஒரே அச்சு. இரண்டு சக்கரமும் சேர்ந்தேதான் சுற்றும். அதனால் வண்டிக்கு எப்போதும் நேராகப் போகவே விருப்பம். ஹேண்டில்பாரைத் திருப்பினால் மட்டும் போதாது. உட்கார்ந்திருக்கும் ஆள் சீட்டில் நகர்ந்து, மேலுடம்பை வளைவின் உள்பக்கம் சாய்க்க வேண்டும். சாயாமல் திருப்பினால், பனியில் வண்டி நேராக வழுக்கிக்கொண்டு போகும். பிடிமானம் உள்ள தரையில் வெளிப்பக்கமாகக் கவிழும். பனி அந்தத் தவறைப் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறது. பெற்றோர் பனிக்காலத்திலேயே பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க விரும்புவதற்கு இது ஒரு நியாயமான காரணம். ஆனால் பனியில் வழுக்கித் தப்பித்த பிள்ளை, வசந்தத்தில் உலர்ந்த புல்லில் அதே போல் திருப்பும்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சின்னக் குவாட்டின் எடை சுமார் 100 கிலோ, பிள்ளையின் எடை 25 என்று வைத்துக்கொள்வோம். நாலில் ஒரு பங்கு. பெரியவர் ஓட்டும் குவாட் சுமார் 300 கிலோ, அவர் 75. அதுவும் நாலில் ஒரு பங்கு. ஆக, சாய்ந்து வண்டியைத் திருப்பும் வலு இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. பிள்ளைகளின் வண்டியைச் செய்தவர்கள் இந்த விகிதத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதே பிள்ளையைத் தூக்கிப் பெரிய வண்டியில் வைத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகிவிடும். பிள்ளை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வண்டிக்குத் தெரியவே தெரியாது. கவிழ்ந்தால் தூக்கவும் முடியாது. இந்தக் கணக்கு என் மனதில் பதிந்தபின், பிள்ளையும் குவாட்டும் என்று பொதுவாகப் பேசுவதை நான் விட்டுவிட்டேன். எந்தப் பிள்ளை, எந்த வண்டி என்று கேட்டால்தான் பேச்சுக்குப் பொருள் உண்டு.

கொல்லைக்கும் ஒரு பூகோளம் இருந்தது. முதல் பனி விழுமுன்னே அவர் ஆரஞ்சு நிறக் குச்சிகளை நட்டு வைத்திருந்தார். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை இருந்த இடத்தில் ஒன்று, பூப்பாத்தியைச் சுற்றிச் சில. வீட்டுக் கழிவுநீர் இறங்கும் நிலப்பகுதிக்குச் சுற்றிலும் நிறைய. புதுப் பனி மண்ணுக்குப் போர்வை. வண்டி ஏறி அதை அழுத்திவிட்டால் குளிர் ஆழமாக இறங்கி அடியில் உள்ள குழாய்கள் உறைந்துபோகும். அதனால் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பு. ஏரிக் கரையிலும் குச்சிகள். ஏரிப் பனிக்கட்டியில் ஆள் நடக்க 4 அங்குலக் கனம் வேண்டும், சிறு குவாட் போக 5 முதல் 7 அங்குலம் வேண்டும் என்று அந்த மாநிலத்தின் இயற்கை வளத் துறை சொல்கிறது. கரையிலிருந்து பார்த்தால் 3 அங்குலமும் 7 அங்குலமும் ஒரே வெள்ளைதான். ஆறு வயதுப் பெண் அந்தக் குச்சிகளை ஒருமுறைகூடத் தாண்டவில்லை. குச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்பட்டதை அவள் நம்பினாள்.

இரண்டாம் நாள்தான் நான் சொல்ல வந்த விஷயம் தெளிவாகத் தெரிந்தது. முதல் நாள் அவர்கள் சுற்றிச் சுற்றி ஓட்டியதில் பனியில் ஒரு வட்டப் பாதை விழுந்திருந்தது. மத்தியானத்து வெயிலில் அது சற்றே இளகி, இரவில் உறைந்து கண்ணாடியாகிவிட்டது. அதே கொல்லை, அதே வண்டி, அதே கட்டைவிரல், அதே அழுத்தம். ஆனால் நேற்று இழுத்துப் பிடித்த பனி இன்று இல்லை. திருகு முடுக்கியிருந்தும் வண்டி நேற்றைவிட வேகமாகப் போனது. ஓரத்தில் உறைந்து நின்ற சக்கரத் தடம் முன்சக்கரத்தைப் பிடித்து வெடுக்கென்று திருப்பியது. அவள் விழவில்லை; கயிறு இழுக்கப்பட்டது, எஞ்சின் அணைந்தது. அவள் முகத்தில் இருந்தது பயம்கூட இல்லை, குழப்பம். நேற்று செய்ததைத்தானே செய்தேன் என்ற குழப்பம். தகப்பன் குந்தி உட்கார்ந்து தடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். பிறகு பாதையை மண்வெட்டியால் கொத்திவிட்டு, அன்றைக்கு வேறு இடத்தில் ஓட்டச் சொன்னார்.

தரை மாறிவிடும், பிள்ளைக்குப் பழகிய நினைவு மட்டும் மாறாமல் இருக்கும். பெற்றோருக்கும் அப்படியே. நன்றாக ஓட்டுகிறாள், கற்றுக்கொண்டுவிட்டாள் என்ற நம்பிக்கை வந்தபின்தான் கயிறு கையிலிருந்து நழுவுகிறது. முதல் நாளன்று எந்தத் தகப்பனும் உள்ளே போய் டிவி பார்ப்பதில்லை.

சமையலறையில் இருந்தே காவல் காக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள் கொள்கிறார்கள். புதுப் பனி சத்தத்தை விழுங்கிவிடும் என்பது ஒன்று. கவிழ்ந்த வண்டியின் எஞ்சினும் ஓடிக்கொண்டே இருக்கக்கூடும் என்பது இன்னொன்று. ஒரே சீரான உறுமல் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்கு நிம்மதி தரும். வெளியே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. நின்றுதான் ஆக வேண்டும். உறைநிலைக்குக் கீழே பதினைந்து டிகிரியில், பூட்ஸுக்குள் விரல் மரத்துப்போக, ஒரே வட்டத்தை ஒரே பிள்ளை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது சலிப்பான வேலை. அந்தச் சலிப்பைத் தாங்குவதுதான் இந்த விளையாட்டில் பெரியவர் கொடுக்கும் விலை. வண்டியின் விலையைவிட அது அதிகம் என்று எண்ணுகிறேன். அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லாதவர்கள் வண்டியை வாங்கக்கூடாது.

என் அக்கா மகனுக்கு எட்டு வயது. வேலியோரம் நின்று பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

“மாமா, நானும் ஒரே ஒரு ரவுண்டு போகட்டா? அந்த அங்கிள் சரின்னு சொல்லிட்டார்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போகட்டும். ஹெல்மெட் அவன் தலைக்குச் சரியா இருக்கான்னு பாரு. கயிறு உன் கையில இருக்கணும், நீ கூடவே நில்லுடா. உன் செல்லை இங்கே வச்சிட்டுப் போ.”

செல்லை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். ஹெல்மெட்டைக் கட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தபோது அவனுடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. முதலில் பலகை மாதிரி விறைத்திருந்தது. மூன்றாவது வளைவில் தானாகச் சாய்ந்தது. அந்தக் கணத்தை நான் எந்த வாதத்துக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டில் அவனுக்கு எல்லாவற்றையும் யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். என்ன சாப்பிட வேண்டும், எப்போது தூங்க வேண்டும், எந்தத் திரையை எவ்வளவு நேரம் பார்க்கலாம். அங்கே அவன் விரலுக்கு ஒரு பாரமான பொருள் பதில் சொன்னது. விரலின் பொறுப்பு அவனுடையதாக இருந்தது. இறங்கியபின் அவன் அதிகம் பேசவில்லை. வண்டியின் மேல் ஒட்டியிருந்த பனியைக் கையுறையால் துடைத்துக்கொடுத்தான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். அமெரிக்காவில் 1982 முதல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இந்த வண்டிகளால் நேரும் மரணங்களைக் கணக்கெடுத்து வருகிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் மரணம் மட்டும் அந்தக் கணக்கில் 3,000ஐத் தாண்டிவிட்டது. மொத்த மரணங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 1988இல் அரசு வழக்குத் தொடுத்ததன் பேரில் ஐந்து பெரிய நிறுவனங்கள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. 12 வயதுக்குக் கீழ் 70 சிசிக்குமேல் கூடாது, 16க்குக் கீழ் 90 சிசிக்குமேல் கூடாது என்று விற்பவர்கள் வாங்குபவர்களிடம் சொல்ல வேண்டும் என்று ஆனது. பத்தாண்டுகளில் அந்த உடன்படிக்கை காலாவதியானது. வாங்கிப்போன வீட்டில் எந்தப் பிள்ளை எந்த வண்டியில் ஏறுகிறது என்பதை எந்த உடன்படிக்கையாலும் பார்க்க முடியவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2000ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: 16 வயதுக்குக் கீழ் யாரும் இந்த வண்டிகளை ஓட்டக்கூடாது. 2022இலும் அதையே சொன்னது.

நடுவில் ஒரு விசித்திரமும் நடந்தது. பிள்ளைகளின் பொருள்களில் ஈயம் இருக்கக்கூடாது என்று 2008இல் ஒரு சட்டம் வந்தது. பொம்மைகளை மனதில் வைத்து எழுதிய சட்டம். பிள்ளைகளின் குவாட்டிலோ டயர் வால்வு, பேட்டரி முனை போன்ற இடங்களில் ஈயம் கலந்த உலோகம் இருந்தது. 2009 பிப்ரவரியில் கடைகள் சின்ன வண்டிகளை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டன. பெரிய வண்டிகள் வெளியே நின்றன. சின்னது கிடைக்காவிட்டால் பிள்ளைகள் பெரியதில் ஏறுவார்கள், அது ஈயத்தைவிட ஆபத்து என்று பாதுகாப்பு ஆணையமே கவலைப்பட்டு அமலாக்கத்தை நிறுத்தி வைத்தது. 2011இல் நாடாளுமன்றம் விலக்கு அளித்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணையத்தின் கவலைதான் இந்த விஷயத்தின் மையம். காயம்பட்டு மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஓட்டியது பெரியவர்களின் வண்டியை.

மாசசூசெட்ஸ் மாநிலம் 2010இல் வேறு வழியில் போனது. எட்டு வயதில் குவாட் விபத்தில் இறந்த ஒரு சிறுவனின் பெயரால் அங்கே சட்டம் வந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஓட்டுவதற்குத் தடை, அதற்குமேல் பயிற்சியும் கண்காணிப்பும். பின்னர் வந்த மருத்துவ ஆய்வில், 10 முதல் 13 வயதுப் பிள்ளைகள் இந்தக் காயங்களோடு அவசரப் பிரிவுக்கு வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அந்தப் பிள்ளையின் பெற்றோர் தங்கள் துயரத்தைச் சட்டமாக்கும்வரை ஓயவில்லை. பொம்பார்டியேயின் பட்டறையை நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணனைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. பதினோரு வயதில் அவன் கால்கள் நீண்டுவிட்டன. திருப்பும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. வேகமும் அவனுக்குப் போதவில்லை. தங்கையின் வட்டத்தை அவன் சலிப்போடு சுற்றினான். ஷெட்டுக்குள் அப்பாவின் குவாட் நின்றது. முன்னால் பனி வாரும் தகடு மாட்டிய, 500 சிசி வண்டி. பனி கொட்டிய மறுநாள் காலையில் அவர் அதில் உட்கார்ந்து வீட்டுப் பாதையைத் துப்புரவாக்குவார். பையன் அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் மாலை, அதை ஷெட்டிலிருந்து வெளியே மட்டும் ஓட்டி வரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டான். அவர் உடனே மறுக்கவில்லை. அடுத்த குளிர்காலம் பார்க்கலாம் என்றார்.

ஆக்சிலேட்டர் திரும்புகிறதா என்று தினமும் பார்க்கும் மனிதர். குச்சி நட்டவர். தடத்தைக் கொத்தியவர். அவரே அப்படிச் சொன்னார். ஐந்து ஆண்டு பார்த்துப் பார்த்து வளர்த்த திறமை மகனிடம் இருக்கிறது என்பதால்தான் சொன்னார். எனக்கு அது புரிகிறது. ஆனால் அடுத்த குளிர்காலத்திலும் அந்தப் பையன் 40 கிலோதான் இருப்பான். வண்டி 300 கிலோவுக்குமேல், முன்னால் தகடும் சேர்த்து. பெரிய வண்டியின் பின்னால் கயிறு கிடையாது. யாரும் நடந்துபோய் அதைப் பிடிக்கவும் முடியாது. சின்ன வண்டியைப் பிள்ளைக்குத் தகுந்தபடி செய்ய முடிந்திருக்கிறது. பெரிய வண்டிக்குத் தகுந்தபடி ஒரு பிள்ளையை எந்தப் பயிற்சியாலும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது.

குழந்தை மருத்துவர்களோடு நான் வாதிட மாட்டேன். அவசரப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் ஒரு கொல்லையில் மூன்று பிள்ளைகளைப் பார்த்தேன். மூவரும் நலம் என்பது அவர்களுடைய சொல்லைப் பொய்யாக்கிவிடாது. ஆயினும் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இந்தச் சின்ன வண்டிகள் நாளையே ஷெட்டுகளிலிருந்து மறைந்துவிடப் போவதில்லை. நம் குடும்பங்கள் பலவும் இப்போது கொல்லை வைத்த வீடுகளில் குடியிருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓட்டுவதைப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளையும் கேட்கும். இதைப் படிக்கும் பெற்றோரில் அங்கே இருப்பவர்களிடமும், விடுமுறைக்கு அங்கே பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகளிடமும் கேட்டுக்கொள்கிறேன். முழு நேரமும் வெளியே நிற்க உங்களால் முடியாதென்றால் சின்ன வண்டியையும் வாங்காதீர்கள். வாங்கினால் கயிற்றை விடாதீர்கள், சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வண்டியின் சாவியைப் பிள்ளைக்கு 16 வயது நிறையும்வரை, ஷெட்டிலிருந்து வாசல்வரை ஓட்டுவதற்குக்கூட, கொடுக்காதீர்கள்.